பட்ட மரமும் அடுப்பு விறகும்: வாசகர் கேள்வி – பதில்

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை கடலோர ஊர்களிலிருந்து வந்த கடிதங்களைப் பிரித்துப் பார்த்தால், பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: மரம் பட்டுவிட்டதா, வெட்டி அடுப்பில் வைக்கலாமா? ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

வீட்டு வாசலில் நிற்கும் வேம்பு, கார்த்திகை மாதமே நுனியிலிருந்து கருகத் தொடங்கியது. இப்போது ஓர் இலைகூட இல்லை. "பட்டுப்போச்சு, வெட்டி விறகாக்கு" என்கிறார் அத்தை. மாமா நட்ட மரம் என்பதால் எனக்கு மனசு வரவில்லை. பட்டதா இல்லையா என்று எப்படி உறுதி செய்வது?
— வாசகி, உச்சிப்புளி

அரிவாளுக்கு முன்னால் ஒரு சின்னக் கத்தியை எடுங்கள். விரல் தடிமன் உள்ள சுள்ளி ஒன்றை வளையுங்கள். படக்கென்று முறிந்து, முறிந்த இடம் காய்ந்த பழுப்பாக இருந்தால் அந்தச் சுள்ளி பட்டது. அவ்வளவுதான், மரமே பட்டது என்று ஆகிவிடாது. அடுத்து கை தடிமன் கிளை, பிறகு கவட்டை, பிறகு அடிமரம், கடைசியில் தூர் என்று மேலிருந்து கீழே வாருங்கள். ஒவ்வோர் இடத்திலும் கட்டைவிரல் நகம் அகலத்துக்குப் பட்டையைச் சீவுங்கள். இளங்கிளையில் மேல்தோலுக்கு அடியில் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது.

அடிமரத்தில் பச்சையைத் தேடாதீர்கள். முதிர்ந்த வேம்பின் உள்பட்டை செம்பழுப்பாகத்தான் இருக்கும். அங்கே பார்க்க வேண்டியது நிறத்தை அல்ல, ஈரத்தை. கத்தி நுனியில் பிசுபிசுப்பு ஒட்டுகிறதா, நார் வளைந்து கிழிகிறதா, அல்லது பொடியாக உதிர்கிறதா? மேல்பட்டை சொரசொரவென்று தடித்திருக்கும், ஒரு சென்டிமீட்டராவது உள்ளே போனால்தான் உள்பட்டை வரும். மேல்பட்டையை மட்டும் சுரண்டிவிட்டு "காய்ஞ்சுபோச்சு" என்று தீர்ப்பு சொல்வதால்தான் நல்ல மரங்கள் பல விறகாகின்றன. நான்கு பக்கமும் சீவிப் பாருங்கள். ஒரு பக்கம் செத்து மறுபக்கம் உயிரோடு இருக்கும் மரங்கள் உண்டு. கடைசியாகத் தூரை ஒட்டி ஒரு சாண் தோண்டி, விரல் தடிமன் வேர் ஒன்றையும் சீவிப் பாருங்கள்.

நீங்கள் சொல்லும் அடையாளம் நுனிக்கருகல் நோயோடு பொருந்துகிறது. இது ஒரு பூஞ்சை. மழைக்காலத்தில் பரவி, கொழுந்திலிருந்து கீழ்நோக்கிக் கருக்கிக்கொண்டே வரும். மரம் முழுக்கத் தீய்ந்தது போலவே தெரியும். ஆனால் முதிர்ந்த வேம்புகளில் பெரும்பாலானவை கோடையில் மறுபடி தளிர்த்துவிடுகின்றன. போதாக்குறைக்கு, நல்ல வேம்பும் மாசி, பங்குனியில் இலை உதிர்த்து நிற்கும் என்பதால் அந்த இரண்டு மாதங்களில் எந்த வேம்பைப் பார்த்தும் முடிவு செய்யக் கூடாது. கருகிய கிளைகளை, கருகல் நின்ற இடத்துக்கு ஒரு சாண் கீழே நறுக்கி, அன்றே எரித்துவிடுங்கள். மரத்தடியில் குவித்து வைக்க வேண்டாம். பிறகு அடுத்த கார்த்திகை வரை விடுங்கள். ஒரு மழைக்காலம் முழுக்கக் கடந்தும் துளிர் இல்லை, தூர் வரை நான்கு பக்கமும் உள்பட்டை காய்ந்திருக்கிறது, பட்டை பாளம் பாளமாகக் கழன்று உள்ளே கரையான் மண் தெரிகிறது என்றால் அத்தை சொன்னது சரி.

அப்போதும் அடிமரத்தை அடுப்பில் வைக்காதீர்கள். வைரம் பாய்ந்த வேம்பு நிலைக்கும் ஜன்னலுக்கும் ஆகும், கரையான் லேசில் நெருங்காது. கிளைகள் மட்டும் விறகுக்குப் போதும். அதிலும் அப்பளமோ கத்தரிக்காயோ நேரடியாகத் தீயில் சுடுவதாக இருந்தால் வேப்பம் விறகு வேண்டாம். புகையின் கசப்பு பண்டத்தில் ஏறும்.

கண்மாய்க்குள் சீமைக்கருவை ஒரு வருஷமாக இலையில்லாமல் நிற்கிறது. அதுவும் இப்படிக் காத்திருந்து பார்க்க வேண்டியதா?
— வாசகர், திருப்புல்லாணி

வேண்டாம். வேம்புக்கும் புளிக்கும் காட்டும் பொறுமையை இதற்குக் காட்ட வேண்டியதில்லை. ஆனால் மேலே பட்டிருந்தாலும் தூரில் உயிர் இருக்கும். வெட்டிய இடத்துக்குக் கீழிருந்து ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்க்கும். மண்மட்டத்துக்குக் கீழே ஒரு அடி ஆழம் வரை தோண்டி, தூரோடு எடுத்தால்தான் திரும்ப வராது. அந்தத் தூர்க்கட்டைதான் விறகிலேயே நின்று எரிவது. விட்டுவிட்டுப் போவது இரட்டை நஷ்டம். முள்ளில் கவனம். உள்ளே ஒடிந்து நின்ற முள்ளை அன்றைக்கே எடுக்காவிட்டால் மூட்டு வீங்கிவிடும். டெட்டனஸ் தடுப்பூசி போட்டு நாளாகியிருந்தால் அதையும் போட்டுக்கொள்ளுங்கள். கண்மாய்க்குள் நிற்கும் மரம் யாருடையது என்பது தனிக் கதை, அதற்குக் கீழே வருவோம்.

பனையில் கத்தியால் சீவிப் பார்த்தால் பச்சையே தெரியவில்லை. எங்கள் கொல்லையில் ஆறு பனைகள். எல்லாமே பட்டுவிட்டனவா?
— வாசகர், நரிப்பையூர்

இல்லை. பனைக்கும் தென்னைக்கும் பட்டைக்கடியில் அந்தப் பச்சைப் படலமே கிடையாது. உயிர் முழுக்க உச்சியில், குருத்தில். அடிமரத்தை எத்தனை சீவினாலும் பதில் கிடைக்காது. அண்ணாந்து பார்க்க வேண்டும்.

கீழ் ஓலைகள் பழுத்து, காய்ந்து, தொங்குவது வயது. நடுக்குருத்து பழுப்பாகிச் சாய்வது ஆபத்து. மரம் ஏறுபவரிடம் சொல்லி அந்தக் குருத்தைப் பிடித்து இழுக்கச் சொல்லுங்கள்: கையோடு உருவிக்கொண்டு வந்து, அடியில் அழுகல் நாற்றம் அடித்தால் அந்த மரம் முடிந்தது. வேம்பைப் போலத் தூரிலிருந்து துளிர்க்கும் வழி பனைக்கு இல்லை. ஓலையெல்லாம் உதிர்ந்து மொட்டையாக நின்றால் சந்தேகத்துக்கே இடமில்லை.

மொட்டைப் பனையை என்ன செய்வது என்பதில் எங்கள் யோசனை கொஞ்சம் வேறு. வீட்டின் மேலோ, மின்கம்பியின் மேலோ, ஆள் நடக்கும் பாதையிலோ விழாது என்றால் ஒன்றிரண்டை அப்படியே விட்டுவிடுங்கள். கிளியும் மைனாவும் பனங்காடையும் குஞ்சு பொரிக்கும் பொந்து அதில்தான் இருக்கிறது. வயல் எலியைத் தின்னும் ஆந்தைக்கும் அதுதான் வீடு. விறகாகவும் அது அத்தனை லாபம் இல்லை. வெளிவட்டம் கருஞ்சிராய் ஓடிக் கோடாலியைத் திருப்பி அடிக்கும். நடுப்பகுதி சோறு மாதிரி மென்மையாக, மழைநீரைக் குடித்து, வெறுமனே புகையும். வெளிவட்டம் கெட்டியாக இருக்கும் முதிர்ந்த பனை என்றால் கைமரத்துக்கும் சட்டத்துக்கும் அறுக்கக் கொடுப்பதுதான் புத்திசாலித்தனம். அடுப்புக்கு மட்டையும் பாளையும் பன்னாடையும் இருக்கவே இருக்கின்றன.

வெட்டுவதென்றால் அனுமதி வேண்டும். பனை நமது மாநில மரம். மாவட்ட ஆட்சியரின் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக் கூடாது என்று 2021-இல் வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே அரசு அறிவித்தது. பட்ட மரம்தானே என்று நீங்களே முடிவு செய்யாமல், கிராம நிர்வாக அலுவலரிடம் காட்டி, எழுத்தில் விண்ணப்பித்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

தென்னை ஒன்று தலை சாய்ந்துவிட்டது. தண்டில் ஓட்டைகள், அதிலிருந்து பழுப்பாக ஏதோ வடிகிறது. விறகுக்கு ஆகுமென்று ஓரமாகப் போட்டு வைக்கலாமா?
— வாசகி, பெரியபட்டினம்

போட்டு வைக்கவே கூடாது. எங்களுக்கு வந்த கேள்விகளில் உடனே வேலை செய்ய வேண்டியது இது ஒன்றுதான்.

ஓட்டை, அதிலிருந்து செம்பழுப்புச் சாறு, ஓட்டை வாயில் மென்று துப்பியது போன்ற நார், தண்டில் காது வைத்தால் கரகரவென்ற சத்தம்: இது சிவப்புக் கூன்வண்டு. உள்ளே புழுக்கள் இன்னும் இருக்கின்றன. அவை கூடு கட்டி வண்டாகி வெளியே வந்தால் அடுத்த தென்னைக்குப் போகும். மரத்தைச் சாய்த்த அன்றே தலைப்பகுதியையும் ஓட்டை விழுந்த தண்டையும் ஒன்றரை அடித் துண்டுகளாக்கி, நீளவாக்கில் பிளந்து, கொல்லையிலேயே எரித்துவிடுங்கள். பிளக்காமல் முழுத்தண்டாகத் தீ வைத்தால் வெளியே கருகும், நடுவில் புழு பிழைக்கும். எரிக்க முடியாத ஈரத் துண்டுகளை ஆழமாகப் புதையுங்கள்.

ஓட்டை இல்லாத அடித்தண்டை மட்டும் பிளந்து காயவைத்து விறகாக்கலாம். அதையும் மாதக்கணக்கில் மண்ணில் கிடத்தாதீர்கள். மட்கிய தென்னந்தண்டில்தான் காண்டாமிருக வண்டு முட்டையிடும்.

ஓட்டை எதுவும் இல்லாமல், தூரை ஒட்டி மட்டும் பழுப்புச் சாறு வடிந்து, அந்த இடம் மேல்நோக்கிப் பரவியிருந்தால் அது வேறு: தஞ்சாவூர் வாடல். அந்தப் பூஞ்சை வேரிலும் மண்ணிலும் இருக்கும். தூரையும் வேர்க்கட்டையையும் தோண்டி எரித்துவிட்டு, பக்கத்து மரங்களுக்குப் பரவாமல் இரண்டடி ஆழம், ஓரடி அகலத்துக்குச் சுற்றிக் குழி வெட்டிப் பிரியுங்கள். இந்த மரத்தின் தூர்ப்பகுதியை இன்னொரு தோப்பு வழியாக இழுத்துக்கொண்டு போய் விறகாக விற்பது, நோயை வண்டியேற்றி அனுப்புவதுதான்.

நல்ல தென்னை ஓலை விடுவது சுமார் மாதத்துக்கு ஒன்று. இரண்டு மூன்று மாதம் புதுக்குருத்தே வரவில்லை என்றால், தலை சாயும்வரை காத்திருக்காமல் ஆளை ஏற்றிப் பாருங்கள்.

ஆடிக் காற்றில் கரையில் ஒதுங்கும் கட்டைகளை எடுத்து வந்து ஒரு வருஷம் காயப்போட்டாலும் அடுப்பில் சீறிக்கொண்டு புகைகிறது. ஏன்? மழையில் நனையவிட்டால் உப்பு போய்விடுமா?
— வாசகர், மண்டபம்

கருவாடு நினைவிருக்கட்டும். மொட்டை வெயிலில் கலகலவென்று காய்ந்த உப்புக் கருவாடு, வாடைக் காற்று அடிக்கிற ராத்திரியில் கசிந்து நிற்கும். உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கிறது. உப்புநீர் குடித்த கட்டையும் அப்படியே. பகலில் காயும், இரவில் குடிக்கும். எத்தனை வருஷம் போட்டாலும் நல்ல விறகின் வறட்சி அதற்கு வராது.

மழை உப்பைக் கழுவும், ஆனால் மேல்பக்கத்தை மட்டும். கட்டையின் நடுவில் ஊறிய உப்பு அங்கேயே இருக்கும். அதை எரித்தால் இரண்டு கேடு. ஒன்று, உப்பிலுள்ள குளோரின் புகையோடு சேர்ந்து அடுப்பின் இரும்புத் தட்டையும் தகரப் புகைபோக்கியையும் அரிக்கும். இரண்டாவதுதான் பெரியது: விறகும் உப்பும் மந்தமான தீயில் சேர்ந்து வேகும்போது டையாக்சின் என்ற நச்சுப் பொருள்கள் உண்டாகும். கண்ணுக்குத் தெரியாது, மணமும் காட்டிக்கொடுக்காது, உடலின் கொழுப்பில் தங்கிவிடும். சமையலறைக்குள் இந்தக் கட்டை வேண்டவே வேண்டாம். மீன் சுட, கருவாடு வாட்டவும் கூடாது.

கட்டை கடலில் எவ்வளவு நாள் கிடந்தது என்று பார்க்க ஒரு வழி உண்டு. குறுக்கே அறுத்துப் பாருங்கள். பென்சில் நுழையும் அளவு துளைகள் குறுக்கும் நெடுக்கும் ஓடி, துளையின் உள்சுவரில் முட்டையோடு போல வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சு தெரிந்தால் அது கப்பல் புழுவின் வேலை. பெயர்தான் புழு, உண்மையில் சிப்பி இனம். அது குடியிருந்த கட்டை கடலில் பல வாரங்களாவது கிடந்திருக்கிறது. உப்பு உள்வரை ஊறியிருக்கும். நேற்றைய காற்றில் ஒடிந்து, அலை மட்டும் தொட்ட பூவரசங்கிளை வேறு. அதை நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்தால் பயன்படும்.

ஒதுங்கிய கட்டையை வேலிக்கால், ஆட்டுக்கொட்டில் தடுப்பு, கயிறு உலர்த்தும் கொடிக்கம்பு என்று வையுங்கள். உப்பு ஊறிய மரத்தைக் கரையான் சீக்கிரம் தொடாது. அறுத்த பெரிய மரம் எதுவும் ஒதுங்கினால் எடுத்துவிடாதீர்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்வாழ் தேசியப் பூங்காவுக்குள் இருப்பவை. அங்கிருந்து சுள்ளிகூட எடுக்கக் கூடாது.

பழைய வள்ளத்தின் பலகை?
— வாசகர், பாம்பன்

எரிக்கக் கூடாது. அடிப்பலகையில் பாசி பிடிக்காமல் அடித்த பெயின்டில் செம்பு இருக்கும். பழைய வண்ணங்களில் ஈயமும் இருக்கலாம். மேலே ஃபைபர் பூசியிருந்தால் அது பிளாஸ்டிக்கை எரிப்பதுதான். பெயின்டைச் செதுக்கிவிட்டு எரிக்கலாமே என்று கேட்பீர்கள். செதுக்கிய தூள் அதைவிட மோசம். தார் எண்ணெய் ஊறிய பழைய ரயில் கட்டைக்கும் இதே பதில். ஒரு துண்டு எரித்தாலும் வீடு முழுக்கத் தார் வாடை நிற்கும், சாம்பலும் எதற்கும் ஆகாது.

எங்களுக்குப் பதநீர் காய்ச்சும் தொழில். விறகை எடைக்கு வாங்குகிறோம். "பட்ட மரம், பச்சை இல்லை" என்றுதான் கொடுக்கிறார்கள். ஆனாலும் ஒரு நடைக்கு நன்றாக எரிகிறது, மறு நடைக்குப் புகைகிறது. காய்ந்த விறகு எது என்று வண்டியிலிருந்து இறக்கும்போதே கண்டுபிடிக்க முடியுமா?
— வாசகர், சாயல்குடி அருகே

பட்டது வேறு, காய்ந்தது வேறு. இந்தக் குழப்பத்தில்தான் உங்கள் பணம் போகிறது. நின்றபடியே பட்ட மரத்தில் சுள்ளியும் கிளையும் காய்ந்திருக்கும். அடிமரம் பட்டையை மூடிக்கொண்டு ஒரு வருஷம்கூட ஈரத்தை வைத்திருக்கும். அன்று வெட்டிய பச்சை விறகில் எடையில் பத்துக்கு நாலு பங்குக்கு மேலும் தண்ணீர் இருக்கலாம். அப்படியானால் 100 கிலோவுக்குக் காசு கொடுத்து 60 கிலோ விறகுதான் வாங்குகிறீர்கள். மீதி 40 கிலோ தண்ணீரை ஆவியாக்குவதற்கும் அதே விறகுதான் எரிய வேண்டும்.

வண்டியிலேயே பார்க்கலாம். அறுத்த முகத்தில் நடுவிலிருந்து விளிம்புக்கு வெடிப்புகள் ஓடியிருக்க வேண்டும். இரண்டு துண்டை மோதினால் கணீரென்று கேட்க வேண்டும். சொத்தென்று கேட்டால் ஈரம். பட்டை நகத்தில் கழல வேண்டும். ஆனால் இந்த மூன்றும் ஏமாற்றும்: வெயிலில் ரெண்டு நாள் கிடந்த பச்சைக் கட்டைக்கும் முகத்தில் மட்டும் வெடிப்பு வந்துவிடும். ஆகவே ஒரு கட்டையைப் பாதியில் பிளந்து, உள்முகத்தைக் கன்னத்தில் வையுங்கள். சில்லென்று இருந்தால் ஈரம் உள்ளே இருக்கிறது.

சரியான கணக்கு வேண்டுமென்றால் தராசு போதும். கட்டையின் நடுப்பகுதியிலிருந்து (முனையிலிருந்து அல்ல) இரண்டு விரல் தடிமனில் ஒரு வில்லை அறுங்கள். உடனே எடை போட்டு, எடையை அதன் மேலேயே பென்சிலால் எழுதுங்கள். அடுப்பு மேட்டில், தீ படாத சூட்டில், எடை குறைவது நிற்கும்வரை வையுங்கள். 500 கிராம் வில்லை 350-இல் நின்றால் 150 கிராம் தண்ணீர். அதாவது நூற்றுக்கு 30. நூற்றுக்கு 20-க்குக் கீழே வந்த விறகுதான் புகையாமல் எரியும். இரண்டு நடைக்கு இப்படிப் போட்டுக் காட்டினால் விறகுக்காரரிடம் விலை பேச உங்கள் கையில் கணக்கு இருக்கும்.

காயவைக்க: முதலில் பிளக்க வேண்டும். மரம் பட்டை வழியாக மெதுவாகவும் பிளந்த முகத்தின் வழியாக வேகமாகவும் காயும். மணிக்கட்டு தடிமனுக்குப் பிளந்தது கோடையில் ஐந்தாறு வாரத்தில் தயார். தொடை தடிமனில் பிளக்காமல் கிடப்பதற்குப் பல மாதம். தரையில் நேரடியாக அடுக்காமல் கீழே இரண்டு பனந்தடியைப் போட்டு அரையடி உயர்த்துங்கள். அறுத்த முகம் காற்று வரும் பக்கம் இருக்கட்டும். ஐப்பசி மழைக்கு முன் மேலே மட்டும் ஓலையோ தகரமோ போடுங்கள். தார்ப்பாயால் நான்கு பக்கமும் போர்த்துவது பொதுவான தவறு. வெளியேற வேண்டிய ஈரத்தை அது உள்ளேயே அடைத்துப் பூஞ்சை பிடிக்க வைக்கும்.

இனி விடிலிக்கு, அதாவது பதநீர் காய்ச்சும் குடிசைக்கு. ஒரு கிலோ கருப்பட்டிக்கு எட்டு பத்து லிட்டர் பதநீர் வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். அதில் பெரும்பங்கு வெறும் தண்ணீர், அதை விரட்டும்வரை சீமைக்கருவைக் கட்டையும் உடைமரமும்தான் சரி. தீ நின்று எரியும். பொங்கல் அடங்கிப் பாகு கனக்கத் தொடங்கியதும் கட்டையை இழுத்துவிட்டு மட்டைக்கும் சுள்ளிக்கும் மாறுங்கள். கட்டையின் தணலை நினைத்தபோது அணைக்க முடியாது. கூப்பனி (கெட்டிப் பாகு) பதம் வரும் நேரத்தில் அடிச்சூடு அதிகமானால் அடிபிடித்துக் கருப்பட்டி கசந்துவிடும். கடைசிக் கால் மணிக்கு வேண்டியது, கையால் இழுத்தால் உடனே அடங்கும் தீ.

முருங்கை, கல்யாண முருங்கை, இலவு, ஒதி இவற்றைக் காசு கொடுத்து வாங்காதீர்கள். ஒதி பெருத்தால் உத்திரமாகுமா என்பார்கள், அடுப்புக்கும் ஆகாது. சவுக்கு கிடைத்தால் விடாதீர்கள், அரைகுறை ஈரத்திலும் எரியக்கூடிய மரம் அது. புளி நல்ல சூடு தரும். ஆனால் தணல் தெறிக்கும். ஓலைக் கூரைக்கடியில் வேண்டாம்.

பட்ட புளிய மரம் ஒன்றை நாங்களே சாய்க்கலாம் என்றிருக்கிறோம். பச்சை மரத்தைவிடச் சுலபம்தானே?
— வாசகர், தேவிபட்டினம்

சுலபம் இல்லை, ஆபத்து அதிகம். பச்சை மரத்தில், பின்பக்கம் அறுக்கும்போது நடுவில் விடும் நார் கீல் மாதிரி மடங்கி, மரம் நினைத்த பக்கம் சாயும். பட்ட மரத்தில் அந்தக் கீல் மடங்காது, படக்கென்று ஒடியும். மரம் தன் இஷ்டத்துக்குப் போகும். கோடாலி அடியின் அதிர்வுக்கே மேல்கிளை கழன்று தலையில் விழும்.

அடிமரத்தை முதலில் கோடாலியின் பின்பக்கத்தால் தட்டிக்கொண்டே சுற்றி வாருங்கள். டொம்மென்று கேட்கும் பக்கம் உள்ளே பொந்து. தண்டில் தட்டுத்தட்டாகக் காளான் இருந்தால் உள்ளே அழுகியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டில் ஒன்று இருந்தாலும் மரத்தில் ஏறாதீர்கள், ஏணியும் சாய்க்காதீர்கள். கயிற்றைத் தரையிலிருந்தே எறிந்து மாட்டி, மர உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு தள்ளி நின்று இழுக்க வேண்டும். காற்று ஓயாத ஆடி மாதத்தில் இந்த வேலை வேண்டாம். மின்கம்பி எட்டும் தூரத்தில் இருந்தால் மின்வாரியத்தில் சொல்லி இணைப்பைத் துண்டித்த பிறகுதான் எதுவும்.

பொந்துக்குள் கை விடக் கூடாது. நம் பக்கத்து மணல் காட்டில் சுருட்டை விரியன் சாதாரணம். சாய்ந்த கட்டையைப் புரட்டும்போது கடப்பாரையால் உங்கள் பக்கமாகப் புரட்டுங்கள். அப்போது அடியில் இருப்பது மறுபக்கம் ஓடும். கடித்துவிட்டால் கட்டுவதும் கீறுவதும் வேண்டாம், அசையாமல் வைத்து நேராக அரசு மருத்துவமனை.

தொண்டிப் பக்கம் கழிமுகத்தில் பட்ட அலையாத்தி நிறைய. சும்மா கிடப்பதை எடுத்தால் என்ன?
— வாசகி, தொண்டி

காரங்காட்டிலும் மற்ற இடங்களிலும் அலையாத்திக் காடுகள் வனத்துறைப் பாதுகாப்பில் இருப்பவை. விழுந்த கட்டையும் சேர்த்துத்தான். பட்டு நின்றாலும் அந்தத் தண்டும் மூச்சுவேரும் சேற்றைப் பிடித்து வைத்திருக்கின்றன, இறாலும் நண்டும் குஞ்சு வளர்க்கும் இடமும் அதுவே. விறகாகவும் உப்புக் கட்டைதான். இன்னொன்று: அலையாத்திக் காடுகளில் வளரும் தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம், புகையும் கண்ணை எரிக்கும். வேலியில் நிற்கும் கொம்புக்கள்ளிக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். வீட்டு அரளியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: காய்ந்தாலும் அதன் நஞ்சு போவதில்லை. குச்சியை மீன் குத்திச் சுடக்கூட எடுக்காதீர்கள்.

யார் நிலத்து மரம் யாருக்கு?
— வாசகர், கீழக்கரை

சுருக்கமாக: உங்கள் பட்டா நிலத்தில் பட்ட சீமைக்கருவை உங்களுடையது. பனைக்கு மேலே சொன்ன அனுமதி. சந்தனம் எங்கே நின்றாலும் வனத்துறையைக் கேட்காமல் தொடாதீர்கள். சாலையோர மரம், கண்மாய்க்குள் நிற்கும் மரம், புறம்போக்கு மரம் எதுவும், பட்டிருந்தாலும், அரசுக்கோ ஊராட்சிக்கோ உரியது. ஏலத்தில் எடுத்துத்தான் வெட்ட வேண்டும். புறம்போக்கில் உங்கள் தாத்தா நட்டுப் பலன் எடுத்துவந்த மரம் என்றால், 2சி பட்டா (மரப் பட்டா) இருக்கிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுப்புச் சாம்பலை வெண்டைக்குப் போடலாமா?
— வாசகி, ஏர்வாடி

கருவை, வேம்பு, புளி விறகின் சாம்பல் என்றால் ஒரு செடிக்கு ஒரு கைப்பிடி, மாதம் ஒரு முறை, தூரை விட்டு ஒரு சாண் தள்ளி. உங்கள் கிணற்று நீர் கரிக்கும் நீர் என்றால் அதுவும் பாதி போதும். மண்ணில் ஏற்கெனவே உப்பும் காரமும் கூடுதலாக இருக்கும். கரையில் ஒதுங்கிய கட்டையின் சாம்பலைத் தோட்டத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். பெயின்ட் அடித்த பலகை தெரியாமல் எரிந்திருந்தால், அந்தச் சாம்பலால் பாத்திரமும் துலக்காதீர்கள்.